புதிய பெட்டி வந்த பிறகும் பழைய பெட்டியைக் கைவிடாதது ஏன்?



இந்த வாரம் வீடியோ கேம் பற்றி எழுதப் போகிறேன். "ரிட்டயர் ஆன பிறகு வாத்தியாருக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது" என்று சிலர் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். படித்து முடித்த பிறகு இதுவும் வரலாற்றுப் பாடம்தான் என்று ஒப்புக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நம் பள்ளியில் படித்த ஒருவர் இப்போது விளையாட்டு உருவாக்கும் நிறுவனம் ஒன்றில் புரோகிராமர். போனில் பேசும்போது ஒரு கேள்வி கேட்டார். "சார், புதுப் பெட்டி வந்து வருஷக்கணக்காகிறது. நான் இன்னமும் அதே விளையாட்டைப் பழைய பெட்டியில் ஓட வைக்கத்தான் சம்பளம் வாங்குகிறேன். கூட வேலை செய்கிறவர்கள் இதை வீண் வேலை என்கிறார்கள். இதற்கு வரலாறு என்ன சொல்கிறது?" ஒரு மனிதனின் உழைப்பு வீணா இல்லையா என்பது சின்னக் கேள்வி அல்ல. அதனால்தான் சில வாரங்கள் உட்கார்ந்து படித்தேன்.

முதலில், விஷயம் தெரியாத பெரியவர்களுக்காக ஒரு விளக்கம். டிவியோடு இணைத்து விளையாடும் கருவிக்குக் கன்சோல் என்று பெயர். நான் பெட்டி என்றே எழுதுகிறேன். நின்டெண்டோ, சோனி, மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்றும்தான் இன்று இதில் பெரிய நிறுவனங்கள். ஐந்து முதல் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் புதிய பெட்டியைக் கொண்டுவருவார்கள். இதைத் 'தலைமுறை' என்கிறார்கள். புதிய பெட்டிக்கென்று எழுதிய விளையாட்டு பழைய பெட்டியில் ஓடாது. எனவே தலைமுறை மாறும்போது விளையாட்டு எழுதுகிறவர்கள் முடிவெடுத்தாக வேண்டும். புதியதற்கு மட்டும் எழுதுவதா, பழையதற்கும் சேர்த்து எழுதுவதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது நானே கற்பனை செய்த கணக்கு. பழைய பெட்டி 8 கோடி வீடுகளில் இருக்கிறது. புதியது வந்த முதல் ஆண்டில் 80 லட்சம் வீடுகளுக்குப் போயிருக்கிறது. புதிய பெட்டிக்காரர்கள் ஆர்வமாக வாங்குவார்கள், நான்கு பேரில் ஒருவர் என்று வையுங்கள். விற்பனை 20 லட்சம். பழைய பெட்டிக்காரர்களுக்கு அவ்வளவு ஆர்வம் இருக்காது, இருபது பேரில் ஒருவர்தான் என்று வையுங்கள். அப்போதும் விற்பனை 40 லட்சம். ஆர்வம் புதிய வீட்டில் இருக்கிறது, கூட்டம் பழைய வீட்டில் இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பெருக்கல்தான். ஆனால் இதை மறந்த பெரிய நிறுவனங்கள் உண்டு. அதற்கு முன், மறக்காத ஒருவரைப் பார்ப்போம்.

ஜப்பானின் நின்டெண்டோ 1983 ஜூலையில் ஃபாமிகாம் என்ற பெட்டியை வெளியிட்டது. அமெரிக்காவுக்கு இது 1985இல் வேறு பெயரிலும் வேறு தோற்றத்திலும் போனது. உங்களில் பலர் இதை ஆடியிருக்கிறீர்கள், பெயர் தெரியாமலே. தொண்ணூறுகளில் பர்மா பஜாரிலும் பொருட்காட்சிக் கடைகளிலும் விற்ற, மஞ்சள் கேசட் செருகும் 'டிவி கேம்' பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த ஃபாமிகாமின் நகல்கள். மாரியோ குதித்ததும், வாத்து சுட்டதும் அதில்தான்.

நின்டெண்டோ தன் அடுத்த பெட்டியான சூப்பர் ஃபாமிகாமை 1990 நவம்பரில் கொண்டுவந்தது. பழையதை அன்றே மூட்டை கட்டியிருக்கலாம். கட்டவில்லை. 1993இல், அதாவது புதிய பெட்டி வந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, 'கிர்பிஸ் அட்வென்ச்சர்' என்ற விளையாட்டு பழைய பெட்டிக்கு வந்தது. அந்தப் பெட்டியில் வந்தவற்றிலேயே மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்று இன்றும் சொல்கிறார்கள். காரணம் எளிது. பத்து ஆண்டுகள் ஒரே பெட்டியில் புழங்கியவர்களுக்கு அதன் சந்துபொந்தெல்லாம் அத்துப்படி. எங்கே நினைவகத்தை மிச்சம் பிடிக்கலாம், எங்கே திரையில் கூடுதலாக ஒரு வேடிக்கை காட்டலாம் என்று அவர்களுக்குத் தெரியும். புதிய பெட்டியில் அந்த நேரத்தில் எல்லோருமே கற்றுக்குட்டிகள்தான்.

ஃபாமிகாமின் உற்பத்தி 2003 செப்டம்பரில்தான் நின்றது. இருபது ஆண்டுகள்! பழுது பார்க்கும் சேவையை 2007 வரை வைத்திருந்தார்கள். உதிரிபாகம் கிடைக்காமல் போனதால்தான் அதையும் நிறுத்தினார்கள். உலகம் முழுவதும் விற்றது 6 கோடியே 19 லட்சம் பெட்டிகள்.

இப்போது மறந்தவரின் கதை. செகா என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனம். 1988இல் வந்த அதன் மெகா டிரைவ் பெட்டி ஜப்பானில் பெரிதாக எடுபடவில்லை. ஆனால் அமெரிக்காவில் ஜெனசிஸ் என்ற பெயரில் சக்கைப்போடு போட்டது. சோனிக் என்ற நீல நிற முள்ளெலி நினைவிருக்கிறதா? அந்த வீட்டுப் பிள்ளைதான்.

1994 நவம்பரில் செகா இரண்டு வேலைகளை ஒரே மாதத்தில் செய்தது. அமெரிக்காவில், ஜெனசிஸ் பெட்டியின் மேல் செருகிக்கொள்ளும் '32 எக்ஸ்' என்ற துணைக்கருவியை 159 டாலருக்கு விற்கத் தொடங்கியது. ஜப்பானில், முற்றிலும் புதிய பெட்டியான சாட்டர்னை வெளியிட்டது. அமெரிக்கப் பெற்றோர் நிலையை யோசியுங்கள். பழைய பெட்டிக்கு உயிர் கொடுக்கும் என்று நம்பி 159 டாலர் கொடுத்து வாங்கியாயிற்று. சில மாதங்களில் அந்தக் கருவி எதற்கும் உதவாத பண்டமாகப் போகிறது.

1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த கண்காட்சியில் செகா எல்லோரையும் திகைக்க வைத்தது. செப்டம்பரில் வருவதாகச் சொல்லியிருந்த சாட்டர்ன் இன்றே கடைகளில் கிடைக்கும், விலை 399 டாலர் என்று அறிவித்தது. குறிப்பிட்ட சில கடைகளுக்கு மட்டும் சரக்குப் போயிருந்தது. ஒதுக்கப்பட்ட கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். செப்டம்பரை நம்பி விளையாட்டு எழுதிக்கொண்டிருந்த நிறுவனங்களிடம் தயாரான சரக்கு இல்லை. அதே கண்காட்சியில் சோனியின் பிரதிநிதி மேடையேறி, தங்கள் புதிய பிளேஸ்டேஷனின் விலை 299 என்று ஓர் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அவ்வளவுதான் பேச்சு.

ஆண்டு முடிவதற்குள் செகாவின் ஜப்பான் தலைமையகம் மற்ற பெட்டிகளை ஓரங்கட்டி, சாட்டர்ன் மேலேயே முழுக் கவனம் செலுத்துவதென்று தீர்மானித்தது. இங்கே வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. டோக்கியோவில் உட்கார்ந்து பார்த்தால் அந்த முடிவு தவறாகத் தோன்றியிருக்காது. ஜப்பானில் பழைய பெட்டி ஓடவில்லை, புதிய சாட்டர்ன் நன்றாக ஓடியது. ஆனால் அமெரிக்காவில் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் ஜெனசிஸ் இருந்தது. பிள்ளைகள் அதில்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஊரின் கணக்கை வைத்து இன்னோர் ஊரின் தலையெழுத்தை எழுதினார்கள்.

அதே காலத்தில் நின்டெண்டோ என்ன செய்தது? அதன் அடுத்த பெட்டியான நின்டெண்டோ 64 தயாராகத் தாமதமாகிக்கொண்டே போய், 1996இல்தான் வந்தது. அதுவரை பழைய பெட்டிதான் கதி. அந்தப் பெட்டிக்கு 1994 நவம்பரில் 'டாங்கி காங் கன்ட்ரி' வந்தது. பெரிய கணினிகளில் முப்பரிமாணமாக உருவாக்கிய படங்களைச் சுருக்கிப் பழைய பெட்டியில் ஓட வைத்திருந்தார்கள். பார்த்தவர்கள் இது பழைய பெட்டிதானா என்று கேட்டார்கள். 90 லட்சத்துக்கும் மேல் விற்றது. செகா புதியதை அவசரப்படுத்திய அந்தக் காலத்தில், நின்டெண்டோவின் வீட்டில் அடுப்பு எரிந்தது பழைய பெட்டியால்தான்.

செகா 2001இல் பெட்டி தயாரிப்பதையே விட்டுவிட்டது. ஒரே காரணத்தைக் காட்டி அதன் வீழ்ச்சியை விளக்கினால் அது வரலாறு ஆகாது. விலை, சோனியின் பலம், உள்ளூர்ச் சண்டைகள் எல்லாம் சேர்ந்தவை. ஆனால் பழைய பெட்டிக்காரர்களைப் பாதி வழியில் இறக்கிவிட்டதும் அந்தப் பட்டியலில் உண்டு. புதிதாக ஒன்றை வாங்கச் சொல்லி அடுத்த முறை அவர்களிடம் போனபோது, "இதையும் எத்தனை நாளைக்கு வைத்திருப்பீர்கள்?" என்ற சந்தேகம் முன்னால் வந்து நின்றது.

இந்தப் பாடத்தை நன்றாகப் படித்த மாணவன் சோனி. அதன் இரண்டாவது பெட்டியான பிளேஸ்டேஷன் 2, 2000 மார்ச்சில் ஜப்பானில் வெளியானது. மூன்றாவது பெட்டி 2006 நவம்பரில் வந்தது. அமெரிக்காவில் விலை 499, 599 டாலர்கள். அப்போது பழைய பெட்டியின் விலை 129 டாலர். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் எதை வாங்குவார் என்று சொல்லவும் வேண்டுமா?

சோனி அந்தக் குடும்பத்தை விட்டுவிடவில்லை. புதிய பெட்டி வந்து நான்கு மாதம் கழித்து, 2007 மார்ச்சில், தன் பெரிய விளையாட்டுகளில் ஒன்றான 'காட் ஆஃப் வார் 2'வைப் பழைய பெட்டிக்குத்தான் வெளியிட்டது. அட்லஸ் என்ற ஜப்பானிய நிறுவனம் 'பெர்சோனா 4'ஐ 2008இல் பழைய பெட்டிக்கே எழுதியது. கால்பந்து விளையாட்டான ஃபிஃபா 14, 2013 செப்டம்பரில் இந்தப் பெட்டிக்கும் வந்தது. அதாவது பெட்டி பிறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, அடுத்த பெட்டி வந்து ஏழு ஆண்டுகள் கழித்து, அதற்கும் அடுத்த பெட்டி வர இரண்டே மாதங்கள் இருக்கும்போது! மொத்தம் 15 கோடியே 50 லட்சத்துக்கும் மேல் விற்று, உலகில் அதிகம் விற்ற கன்சோல் என்ற பெயரைப் பெற்றது.

இதற்குப் பின்னால் ஒரு தொழில் நுணுக்கமும் இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் சிப்புகளின் வடிவமைப்பில் சோனிக்கே பங்கு இருந்தது. அதனால் ஆண்டுகள் செல்லச் செல்ல இரண்டு சிப்புகளை ஒன்றாக்கி, பெட்டியைச் சின்னதாக்கி, செலவைக் குறைத்துக்கொண்டே போக முடிந்தது. மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் 2001இல் வந்தது. அதன் சிப்புகள் இன்டெல், என்விடியா ஆகிய நிறுவனங்களிடம் விலைக்கு வாங்கியவை. சிப்பு விலையைக் குறைக்கச் சொல்லி என்விடியாவோடு வழக்காடும் நிலைகூட வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் கைநஷ்டம். நான்கே ஆண்டில், 2005 நவம்பரில், அடுத்த பெட்டியைக் கொண்டுவந்து பழையதிலிருந்து விலகிவிட்டார்கள். ஆக, பழையதைத் தாங்கிப் பிடிக்க நல்ல மனசு மட்டும் போதாது. தாங்கும்படியான செலவுக் கணக்கும் வேண்டும்.

இந்த இடத்தில் நம் நாட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு. பிளேஸ்டேஷன் 3 இந்தியாவுக்கு 2007இல் வந்தது. விலை கிட்டத்தட்ட 40 ஆயிரம் ரூபாய். அன்றைக்கு அது எத்தனை பேருடைய எத்தனை மாதச் சம்பளம் என்று உங்களுக்கே தெரியும். அதனால் 2009இல் ஹைதராபாத் நிறுவனங்கள் நம் நாட்டுக்கென்று விளையாட்டு எழுதியபோது தேர்ந்தெடுத்தது பழைய பிளேஸ்டேஷன் 2வைத்தான். 'ஹனுமான்: பாய் வாரியர்' அப்படி வந்தது. கபடி, கிட்டிப்புள், பட்டம் விடுதல் எல்லாம் வைத்து 'தேசி அட்டா' அப்படித்தான் வந்தது. நியூயார்க்கில் பரணுக்குப் போகத் தயாராக இருந்த பெட்டி, இங்கே இளைஞர்களுக்கு முதல் தொழில் பட்டறையாக இருந்தது. 'பழையது' என்ற சொல்லுக்கு எல்லா ஊரிலும் ஒரே பொருள் கிடையாது.

பிரேசில் நாட்டுக் கதை இதைவிடச் சுவாரசியம். இறக்குமதி வரி அங்கே கடுமை. அதனால் டெக்டாய் என்ற உள்ளூர் நிறுவனம் செகாவின் பெட்டிகளை அந்த நாட்டிலேயே தயாரித்து விற்றது. 1989இல் அங்கே அறிமுகமான மாஸ்டர் சிஸ்டம் என்ற சின்னப் பெட்டிக்கு 1997இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டை எழுதி வெளியிட்டார்கள். உலகம் அதற்குள் இரண்டு தலைமுறை தாண்டிப் போயிருந்தது. பிரேசில் பிள்ளைகளுக்கு அதுதான் கைக்கெட்டிய பெட்டி.

எண்ணிக்கையும் விலையும் தவிர இன்னொரு காரணம் நேரம். பெரிய விளையாட்டு ஒன்றை உருவாக்க இப்போது நான்கைந்து ஆண்டுகள் ஆகின்றன. வேலையைத் தொடங்கும் நாளில் புதிய பெட்டி வெறும் காகிதத்தில்தான் இருக்கும். அதன் வேகம் என்ன, நினைவகம் எவ்வளவு என்று எழுதுகிறவருக்கு உறுதியாகத் தெரியாது. கையில் இருக்கும் பெட்டிக்குத்தான் எழுத முடியும். 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' வெளியானது 2013 செப்டம்பர் 17. இரண்டே மாதங்களில், நவம்பரில், சோனியும் மைக்ரோசாஃப்டும் புதிய பெட்டிகளை வெளியிட்டன. ராக்ஸ்டார் நிறுவனம் காத்திருக்கவில்லை. பழைய பெட்டிகளுக்கே விற்றது. மூன்றே நாளில் 100 கோடி டாலர் வசூல். புதிய பெட்டிகளுக்கான பதிப்பு அடுத்த ஆண்டு நவம்பரில், அந்தப் பெட்டிகள் வீடுகளில் ஓரளவு நிறைந்த பிறகு வந்தது. அதே விளையாட்டு, இரண்டாவது அறுவடை.

யார் விளையாடுகிறார்கள் என்பதும் முக்கியம். யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'ஜஸ்ட் டான்ஸ்' பாட்டுக்கு நடனமாடும் விளையாட்டு. அதன் 2020 பதிப்பை 2019 நவம்பரில் நின்டெண்டோவின் வீ பெட்டிக்கும் வெளியிட்டார்கள். வீ வந்தது 2006இல். 2019க்குள் நின்டெண்டோவே அதற்குப் பிறகு இரண்டு பெட்டிகளை வெளியிட்டிருந்தது. ஆனால் பத்துக் கோடிக்கு மேல் விற்ற வீ, கேம் பைத்தியங்களின் அறையில் இருந்ததைவிடக் குடும்பங்களின் கூடத்தில் இருந்ததுதான் அதிகம். பேத்தியோடு ஆடும் பாட்டிக்குத் திரையின் துல்லியம் பற்றி என்ன கவலை?

இதுவரை பழைய பெட்டிக்கு வக்கீலாகப் பேசினேன். எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். அதற்கு வலுவான வாதம் இருக்கிறது.

2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 வந்தது. அதில் தகவல் சேமிக்கும் பாகம் வினாடிக்கு 5.5 ஜிகாபைட் வேகத்தில் படிக்கும். முந்தைய பெட்டியில் இருந்தது சுழலும் தட்டு. அது வினாடிக்கு 100 மெகாபைட்டைத் தொடவே திணறும். இதற்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்? நாயகன் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும்போது அடுத்த ஊரின் படங்களைத் தட்டிலிருந்து எடுத்து வர நேரம் வேண்டும். அந்த நேரத்தை மறைக்கத்தான் நாயகன் குறுகிய பாறை இடுக்கில் பக்கவாட்டில் மெதுவாக நகர்வான், லிஃப்டில் நின்று யாருடனோ பேசுவான். பழைய பெட்டிக்கும் சேர்த்து எழுதினால் அந்த இடுக்கும் லிஃப்டும் புதிய பெட்டியிலும் இருந்தே தீரும். 2021இல் பிளேஸ்டேஷன் 5க்கு மட்டும் வந்த 'ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' விளையாட்டில் நாயகன் ஓர் உலகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் தாவுகிறான். புதியதற்கு ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கியவர், "பழையவர்களுக்காக என் விளையாட்டை ஏன் குறுக்குகிறீர்கள்?" என்று கேட்டால் அதில் நியாயம் உண்டு.

ஆனாலும் சோனி 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்', 'கிரான் டூரிஸ்மோ 7', 'காட் ஆஃப் வார்: ராக்னராக்' என்று 2022இல் வந்த தன் பெரிய விளையாட்டுகளை இரண்டு பெட்டிகளுக்கும் வெளியிட்டது. கொரோனா காலத்தில் சிப்புத் தட்டுப்பாடு. காசு இருந்தவர்களுக்கும் புதிய பெட்டி கிடைக்கவில்லை. பழையதோ 11 கோடிக்கு மேல் விற்றிருந்தது. ராக்னராக் முதல் வாரத்திலேயே 51 லட்சம் விற்றது. தொழில்நுட்பமும் இந்த முறை கைகொடுத்தது. பிளேஸ்டேஷன் 3இன் சிப்பு யாருக்கும் எளிதில் பிடிபடாத தனி ரகம். ஆனால் 4ம் 5ம் நம் கணினிகளைப் போன்ற ஒரே வகைக் கட்டமைப்பு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது முன்போல் மலையேற்றமாக இல்லை. 2024இல் சோனி கொடுத்த கணக்கின்படி, மாதந்தோறும் விளையாடும் அதன் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அப்போதும் பிளேஸ்டேஷன் 4இல்தான் இருந்தார்கள்.

எதிர்த்தரப்பு வாதத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொரு குற்றம். பழைய பெட்டிக்கும் தருகிறோம் என்று சொல்லிவிட்டு அரைகுறையாகத் தருவது.

'ஷேடோ ஆஃப் மோர்டோர்' என்ற விளையாட்டு 2014இல் வந்தது. எதிரிகள் நம்மை நினைவில் வைத்துக்கொண்டு திரும்பவும் வந்து பழி வாங்குவதுதான் அதன் சிறப்பே. பழைய பெட்டிகளுக்கு இரண்டு மாதம் தள்ளி வந்த பதிப்பில் அந்தச் சிறப்பைத்தான் வெட்டிக் குறைத்திருந்தார்கள். அட்டையில் அதே பெயர். பாயசம் என்று சொல்லி வெல்லத் தண்ணீர் ஊற்றிய மாதிரி.

அதைவிடப் பெரிய சம்பவம் 2020 டிசம்பர் 10. போலந்து நாட்டின் சிடி ப்ரொஜெக்ட் நிறுவனம் பல ஆண்டுகளாக அறிவித்துவந்த 'சைபர்பங்க் 2077' அன்று வெளியானது. முன்பதிவு மட்டும் 80 லட்சம். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுத்தது கணினிப் பதிப்பு மட்டும். பழைய பெட்டிகளில் அது எப்படி ஓடுகிறது என்று யாருக்கும் காட்டவில்லை. வாங்கிய பிறகுதான் தெரிந்தது: படம் மங்கல், ஓட்டம் தடுமாற்றம், பாதியில் நின்றுபோவது. ஒரே வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்து அந்த விளையாட்டையே நீக்கி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மீண்டும் கடைக்கு வந்தது 2021 ஜூனில். பழைய பெட்டிப் பதிப்பின் நிலையை முன்கூட்டியே காட்டாததற்கு நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. 2023இல் வந்த அதன் தொடர்பகுதி பழைய பெட்டிகளுக்கு வரவே இல்லை. பல ஆண்டு வாடிக்கையாளனிடம் "உன் பெட்டியில் இது ஓடாது" என்று முதலிலேயே நேர்மையாகச் சொல்லியிருந்தால், அவன் வருத்தப்பட்டிருப்பான். ஏமாந்திருக்க மாட்டான்.

இதற்கு மாறாக, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ஃபிஃபா 19ஐ 2018இல் பழைய பெட்டிகளுக்கு வெளியிட்டபோது பெயரிலேயே 'லெகசி எடிஷன்' என்று போட்டது. வீரர்கள் பட்டியலும் சட்டைகளும்தான் புதிது, ஆட்டம் பழையதுதான் என்பது வாங்குகிறவருக்குத் தெரியும். பெரிய சாதனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சரக்கு இன்னதென்று சீட்டு ஒட்டி விற்பதும் ஒரு நாணயம்தான்.

ஆசிரியத் தொழிலில் இருந்தவர்களுக்கு இது புரியும். பாடத்திட்டம் மாறும்போது, பழைய பாடத்தில் தேறாத பிள்ளைகளுக்குச் சில காலம் பழைய பாடத்திலேயே தேர்வு வைப்பார்கள். அந்தக் கேள்வித்தாளையும் ஒருவர் உட்கார்ந்து அக்கறையாகத்தான் தயாரிக்க வேண்டும். எழுதப் போகிறவர்கள் குறைவு, பழைய பாடம்தானே என்று ஏனோதானோவென்று கேள்வி போட்டால், ஒரு பிள்ளையின் எதிர்காலம் கெடும். அதே சமயம், அந்தத் தேர்வை என்றென்றும் நடத்திக்கொண்டிருக்கவும் முடியாது. கடைசித் தேர்வு எது என்று முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும்.

ஆக, மாணவர் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. பழைய பெட்டிக்கு எழுதுவது தருமமும் அல்ல, வீணும் அல்ல. புதிய பெட்டி காலூன்றும் வரை அதற்கான செலவைச் சுமப்பது பழைய பெட்டிக்காரர்கள்தான். நின்டெண்டோவும் சோனியும் அந்தத் தோளில் ஏறித்தான் அடுத்த தலைமுறைக்குப் போனார்கள். செகா அந்தத் தோளைத் தட்டிவிட்டுக் குதிக்கப் பார்த்தது. ஒருவர் தோளில் ஏறிப் போகிறவர் அவருக்கு மூன்று கடமைப்பட்டிருக்கிறார். கொடுப்பதை முழுதாகக் கொடுப்பது, முடியாவிட்டால் முன்பே சொல்வது, நிறுத்தும் நாளை மறைக்காமல் இருப்பது. பழைய பெட்டியில் விளையாட்டை ஓட வைக்கும் புரோகிராமர்தான் இந்த முதல் கடமையைக் கையால் செய்கிறவர். அவர் சரியாகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020 டிசம்பரில் உலகமே பார்த்தது. எனவே தம்பி, நிமிர்ந்து வேலை செய்யுங்கள்.

நீண்டுவிட்டது.  உங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பெட்டி எது, அதில் பிள்ளைகள் என்ன விளையாடுகிறார்கள் என்று கீழே எழுதுங்கள். பரணில் மஞ்சள் கேசட் வைத்திருப்பவர்கள் படம் எடுத்துப் போட்டால் எல்லோரும் மகிழ்வோம்.

அனைவரும் நலமோடு இருங்கள்.